ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்



விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர் 25ஆம் தேதி. 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லாரி ஏறியதும் சீட்டு அடிக்கும் எடை மேடையில் இருக்கிறது. லேத் பட்டறையில் சிஎன்சி மெஷினோடு சேர்ந்து வந்த பெட்டியில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அனலைசருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேஜ்மேக்கரை விட்டுவிட மனமில்லாத டிடிபி சென்டர்களில் இருக்கிறது. மெஷின் நல்ல நிலையில் இருக்கும். அதை ஓட்டும் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். புது மெஷின் வாங்கக் கையில் பணம் இருக்காது. சிறு தொழில் செய்பவரைத்தான் இதற்குக் குறை சொல்ல வேண்டும் என்பதில்லை. நம் வங்கிகளின் ஏடிஎம்களில் பலவும் இப்படிப் பராமரிப்பு முடிந்த இயங்குதளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பி, 2019 ஜூனுக்குள் அவற்றைப் படிப்படியாக மாற்றி முடிக்கக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஒரு சிஸ்டம் மக்கர் பண்ணினால் நம் ஊரில் முதலில் வரும் பேச்சு, “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்” என்பதுதான். அந்தப் பேச்சை எதிர்த்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

புது சிஸ்டம் என்றால் ஃபார்மட் அடித்தாலும் அரை நாளில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடலாம். பழைய சிஸ்டத்தில் அது நடக்காது. எடை மேடையின் அளவீட்டுத் திருத்தங்கள் அந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கும். மென்பொருள் வந்த சிடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பேரலல் போர்ட்டில் செருகிய டாங்கிளுக்கு டிரைவர் தந்த நிறுவனமே இன்று இருக்காது. அங்கே ஃபார்மட் அடித்தால் அந்தத் தொழிலையே நிறுத்தியது போலாகும். இத்தனைக்கும், அந்தப் பழைய சிஸ்டம் தனக்கு என்ன கோளாறு என்று எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் அதைப் படிக்காமல் ஓகே பட்டனை அழுத்திவிட்டுப் போகிறோம்.

கமாண்ட் பிராம்ப்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐபிகான்ஃபிக் என்று அடிக்கிறீர்கள். இது உள்கட்டளையும் அல்ல, வெளிக்கட்டளையும் அல்ல, ஓட்டக்கூடிய புரோகிராமும் அல்ல என்ற பொருளில் பதில் வருகிறது. பிங் அடித்தாலும் அதே பதில். உடனே வைரஸ் என்று முடிவு கட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து, டிர் என்று அடித்துப் பாருங்கள். ஃபைல் பட்டியல் வருகிறதென்றால் பாதி வழி வந்துவிட்டீர்கள். டிர், காப்பி, எக்கோ போன்றவை கமாண்ட் பிராம்ப்டுக்குள்ளேயே அடங்கியவை. ஐபிகான்ஃபிக்கும் பிங்கும் அப்படியல்ல. அவை சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் தனித்தனி ஃபைல்கள். உள்ளே இருப்பது ஓடி, வெளியே இருப்பது ஓடவில்லை என்றால், ஒன்று அந்த ஃபைல்கள் போயிருக்க வேண்டும், அல்லது அவற்றைத் தேடிப் போகும் வழி போயிருக்க வேண்டும். சி டிரைவில் தொடங்கி, விண்டோஸ், சிஸ்டம்32 என்று முழு முகவரியையும் சேர்த்து அதே கட்டளையை அடியுங்கள். ஓடினால் ஃபைல் பத்திரமாக இருக்கிறது, கெட்டது பாத்.

ஒரு கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். எக்ஸ்பியில் சிஸ்டம்32, விண்டோஸ், டபிள்யூபெம் ஆகிய மூன்று ஃபோல்டர்களோடு அது தொடங்கும். பிறகு வரும் மென்பொருள்கள் தங்கள் ஃபோல்டரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக எழுதப்படாத சில மென்பொருள்கள் சேர்ப்பதற்குப் பதில் பழையதை அழித்துவிட்டுத் தங்களுடையதை மட்டும் எழுதிவிடும். மை கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய், அழிந்த மூன்றையும் திரும்ப எழுதினால் போதும். எழுதிய பிறகு புதிதாக ஒரு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பாருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்கு இந்த மாற்றம் தெரியாது. அதைக் கவனிக்காமல், சரியாகச் செய்த வேலையைச் சரியில்லை என்று நினைத்து மறுபடி கலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதிலேயே இன்னும் நுட்பமான ஒரு கோளாறு உண்டு. பாத் பட்டியலில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். கட்டளை மட்டும் ஓடாது. எக்கோ கட்டளையால் பாத்தை அச்சிட்டுப் பாருங்கள். சி டிரைவ், விண்டோஸ் என்று விரிந்து வர வேண்டிய இடத்தில் சிஸ்டம்ரூட் என்ற சொல்லே இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவில் அப்படியே நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ரிஜிஸ்ட்ரியில் பாத் என்பது விரியக்கூடிய வகைச் சரமாக இருக்க வேண்டும். யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், அதைச் சாதாரணச் சரமாக மாற்றி எழுதியிருக்கிறது. எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை, வகை மட்டும் மாறியிருக்கிறது. வகையைச் சரிசெய்து ரீஸ்டார்ட் செய்தால் எல்லாக் கட்டளைகளும் திரும்ப வந்துவிடும். இந்த ஒரு கோளாறுக்காக எத்தனை ஹார்ட் டிஸ்குகள் அழிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேடும் வரிசை தெரிந்தால் வேறு சில மர்மங்களும் விலகும். கமாண்ட் பிராம்ப்ட் முதலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும். அதன் பிறகுதான் பாத் பட்டியலுக்குப் போகும். பிங் என்ற பெயரிலேயே ஒரு பேட்ச் ஃபைல் எழுதி, அதற்குள் பிங் கட்டளையை வைத்தால், அது தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். ஒரே இடத்தில் ஒரே பெயரில் காம் ஃபைலும் இஎக்ஸ்இ ஃபைலும் இருந்தால் காம் ஃபைலுக்கே முதலிடம். ரெஜ்எடிட் என்ற பெயரில் ஒரு காம் ஃபைலை வைத்துவிட்டு, நாம் ரிஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறக்கும்போதெல்லாம் தன்னை ஓட்டிக்கொண்ட வைரஸ்களும் அந்தக் காலத்தில் உண்டு.

பிற்கால விண்டோஸுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்து எக்ஸ்பியில் அடிப்பதும் ஒரு தொல்லை. வேர் என்ற கட்டளை எக்ஸ்பியில் கிடையாது. டாஸ்க்லிஸ்ட் எக்ஸ்பி புரொஃபஷனலில் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. நெட்ஷெல் மூலம் வின்சாக்கை ரீசெட் செய்யும் வசதி 2004இல் வந்த சர்வீஸ் பேக் 2க்குப் பிறகுதான். ஐபி அமைப்பை ரீசெட் செய்யும் கட்டளைக்கு எக்ஸ்பியில் கடைசியில் ஒரு லாக் ஃபைல் பெயரும் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் ஓடாது. இவையெல்லாம் பழுதே அல்ல. எந்தப் பதிப்பு, எந்த சர்வீஸ் பேக் என்று முதலில் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி சர்வீஸ்கள். யாரும் லாகின் செய்யாவிட்டாலும் பின்னணியில் ஓடும் புரோகிராம்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஸ்டார்ட் என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். 2 என்றால் தானாகக் கிளம்பும். 3 என்றால் தேவைப்படும்போது கிளம்பும். 4 என்றால் முடக்கப்பட்டது. 0, 1 இரண்டும் டிரைவர்களுக்கானவை. மேனுவல் என்று இருப்பதைப் பழுதென்று நினைத்து எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக்காக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். விண்டோஸ் தானே தேவைப்படும்போது கிளப்பிக்கொள்ளும் சர்வீஸ்கள் அந்த வகையில் நிறைய இருக்கின்றன.

எக்ஸ்பி வந்த காலத்தில் 128 எம்பி ரேம் வைத்துக்கொண்டு திண்டாடினோம். அப்போது சர்வீஸ்களை முடக்கினால் சிஸ்டம் வேகமாகும் என்று ஒரு பழக்கம் பரவியது. சிலவற்றை முடக்கியது நியாயமே. மெஸஞ்சர் சர்வீஸ் வழியாகத் திரை நிறைய விளம்பரப் பெட்டிகள் வந்து விழுந்தன. சர்வீஸ் பேக் 2இல் மைக்ரோசாஃப்டே அதை முடக்கிவிட்டது. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் முடக்கியதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். விண்டோஸ் ஆடியோவை முடக்கிவிட்டு சவுண்ட் கார்டை மாற்றுகிறோம். வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷனை முடக்கிவிட்டு வைஃபை டாங்கிள் போய்விட்டது என்கிறோம்.

ஓர் உதாரணம். நெட் வரவில்லை என்று ஐபிகான்ஃபிக்கில் ஃப்ளஷ்டிஎன்எஸ் அடிக்கிறீர்கள். டிஎன்எஸ் ரிசால்வர் கேச்சைக் காலி செய்ய முடியவில்லை என்று வருகிறது. நெட்வொர்க் ஐகானை வலது கிளிக் செய்து ரிப்பேர் கொடுத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. பலரும் இதைப் பார்த்ததும் நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். டிஎன்எஸ் கிளையன்ட் என்ற சர்வீஸ் ஓடவில்லை என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்லவில்லை. அந்த சர்வீஸ் இல்லாமலே நெட் ஓடும் என்பதால், நெட் வராததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிந்துவிடுகிறது. கட்டளை தோற்றுப்போனால் கட்டளையைச் சந்தேகிக்காதீர்கள். அதற்குப் பின்னால் எந்த சர்வீஸ் இருக்கிறது என்று பாருங்கள்.

சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம். காலண்டர் சீசன் நேரம். புரூஃப் எடுக்கும் பிரிண்டர் திடீரென்று காணாமல் போய்விட்டது. பிரிண்டர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் காலியாக இருக்கிறது. புதிதாகச் சேர்க்கப் போனால், அச்சு வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலர் சர்வீஸ் ஓடவில்லை என்கிறது. “பழைய சிஸ்டம்தானே அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஏத்திடுறேன்” என்று அங்கே வேலை பார்த்த தம்பி சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிக்குப் பயம். அவருடைய தமிழ் எழுத்துருக்களும் கீபோர்டு மென்பொருளும் டாங்கிள் பூட்டோடு வந்தவை. பழைய வேலைகள் அத்தனையும் அந்த எழுத்துருவில்தான் இருந்தன. என்னை வரச்சொன்னார்.

கமாண்ட் பிராம்ப்டில் நெட் ஸ்டார்ட் ஸ்பூலர் என்று அடித்தேன். 1068 என்ற எண்ணோடு பிழை வந்தது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அந்த சிஸ்டத்தையே கேட்கலாம். நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி என்று அடித்துப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்தால் போதும். இந்த சர்வீஸ் சார்ந்திருக்கும் வேறொரு சர்வீஸ் கிளம்பவில்லை என்று பதில் வந்தது. அப்படியென்றால் ஸ்பூலர் மேல் குற்றமில்லை. எஸ்சி க்யூசி ஸ்பூலர் என்று அடித்ததும் அதன் விவரம் முழுவதும் வந்தது. சார்ந்திருப்பவை என்ற வரியில் ஆர்பிசிஎஸ்எஸ், அதாவது ஆர்பிசி சர்வீஸ், இருந்தது. எக்ஸ்பியில் ஸ்பூலருக்கு அது ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே, விண்டோஸுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பெயரும் இருந்தது. ஈவன்ட் வியூவரைத் திறந்தால் 7001 என்ற எண்ணில் அதே பெயர்: அந்த சர்வீஸ் கிளம்பவில்லை, காரணம் அதன் ஃபைல் கிடைக்கவில்லை.

“இதுக்கு முன்னாடி வேற பிரிண்டர் இருந்துச்சா தம்பி?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு சார், அது போயிருச்சு. டிஸ்குல இடம் பத்தலைன்னு அதோட ஃபோல்டரைப் போன வாரம் டெலிட் பண்ணிட்டோம்.”

அந்தப் பழைய பிரிண்டரின் மென்பொருள், தான் கிளம்பினால்தான் ஸ்பூலர் கிளம்ப வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. ஃபோல்டரை மட்டும் அழித்ததால் அந்த நிபந்தனை அப்படியே தங்கிவிட்டது. எஸ்சி கான்ஃபிக் கட்டளையில் டிபென்ட் என்ற இடத்தில் ஆர்பிசிஎஸ்எஸ் என்று மட்டும் கொடுத்தேன். அந்தக் கட்டளை பழைய பட்டியலை நீக்கிவிட்டு நாம் கொடுப்பதையே வைத்துக்கொள்ளும் என்பதால் ஆர்பிசிஎஸ்எஸ்ஸை விடாமல் எழுத வேண்டும். சக்சஸ் என்று வந்தது. ஸ்பூலர் கிளம்பியது. பிரிண்டரும் ஃபோல்டரில் வந்து நின்றது. சிஸ்டத்தை ரீஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.

எஸ்சி கட்டளையைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டார்ட், டிபென்ட் போன்ற சொற்களோடு சமக்குறியை ஒட்டி எழுத வேண்டும். சமக்குறிக்குப் பிறகு கட்டாயம் ஓர் இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் எக்ஸ்பி பிழை என்று சொல்லாது. அந்தக் கட்டளையின் உதவிக்குறிப்பைத் திரை முழுக்கக் காட்டும். ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் எதுவும் மாறியிருக்காது. சக்சஸ் என்ற சொல்லைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

சர்வீஸ் அமைப்புக்குள் ஒரு பெரிய சம்பவத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது, பெரும்பாலோர் போடவில்லை. நெட்டில் இணைந்த கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெட்டி வரும். 60 வினாடி எண்ணிவிட்டு சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். அப்படி ரீஸ்டார்ட் செய்தது வைரஸ் அல்ல, விண்டோஸேதான். வைரஸின் தாக்குதலில் ஆர்பிசி சர்வீஸ் விழும். அந்த சர்வீஸ் விழுந்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய் என்று அதன் ரெக்கவரி பக்கத்தில் எழுதியிருக்கும். ஷட்டவுன் கட்டளையில் ஏ என்ற எழுத்தைச் சேர்த்து அடித்து அந்த எண்ணிக்கையை நிறுத்தி, கிடைத்த நேரத்தில் திருத்தத்தை இறக்கிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். ஒரே ஒரு கட்டளை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இருந்த வித்தியாசம் அன்று அவ்வளவு பெரிதாக இருந்தது.

நீங்கள் ஆட்டோமேட்டிக்காக மாற்றிய சர்வீஸ் மறுநாள் மறுபடி முடங்கிக் கிடந்தால், அது அமைப்புக் கோளாறு அல்ல. 2008 இறுதியில் வந்த கான்ஃபிக்கர் என்ற வைரஸ் அப்படித்தான் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ், பிட்ஸ் போன்ற சர்வீஸ்களை முடக்கியது. அது பென் டிரைவ் வழியாகவும் பரவியது. இங்கே சர்வீஸோடு மல்லுக்கட்டாமல், டிஸ்கைக் கழற்றி வேறு சுத்தமான சிஸ்டத்தில் மாட்டி ஸ்கேன் செய்யுங்கள்.

இன்னொரு வகைத் தொல்லையில், பழைய சிஸ்டத்தில் எதுவுமே கெட்டிருக்காது. கடைக்குப் புதிதாக விண்டோஸ் 10 வாங்கியிருப்பார்கள். எக்ஸ்பியில் இருக்கும் ஷேர் ஃபோல்டர் அதில் திறக்காது. எக்ஸ்பியில் சர்வர், வொர்க்ஸ்டேஷன் சர்வீஸ்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஃபைல் பகிர்வுக்கான எஸ்எம்பி முறையில் எக்ஸ்பிக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும்; 2017 இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை, அல்லது பயன்படுத்தாவிட்டால் தானாகவே நீங்கிவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் புகுந்ததும் அந்த எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். பராமரிப்பை நிறுத்திய எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அப்போது விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஆகவே, புது சிஸ்டத்தில் அந்தப் பழைய வழியைத் திறந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்த ஒரு பென் டிரைவை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டு ஃபைல்களை மாற்றுங்கள். எக்ஸ்பியில் நெட் கேபிளே வேண்டாம். அதில் இருக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரால் இன்றைய பெரும்பாலான தளங்களின் குறியாக்கத்தைப் பேச முடியாது. எந்த சர்வீஸை எப்படி மாற்றினாலும் அது சரியாகாது.

கையை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்கில் இமேஜ் எடுங்கள். மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான். ரெக் எக்ஸ்போர்ட் கட்டளையால் சர்வீஸஸ் பகுதி முழுவதையும் ஒரு ஃபைலில் வாங்கி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றுவதற்கு முன்னால் என்ன இருந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு சிஸ்டம் கிளம்பாமல் நின்றால், எஃப்8 அழுத்தி லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷனைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஒருமுறை லாகின் செய்துவிட்டால், கெட்ட அமைப்பையே அது நல்ல அமைப்பு என்று எழுதிக்கொள்ளும். அதனால் சந்தேகம் வந்தால் லாகின் செய்வதற்கு முன்பே எஃப்8. அதுவும் கைகொடுக்காவிட்டால் எக்ஸ்பி சிடியில் ரெக்கவரி கன்சோல் இருக்கிறது. அங்கே லிஸ்ட்எஸ்விசி என்று அடித்தால் எல்லா சர்வீஸ்களும் வரும். எனேபிள், டிசேபிள் என்ற இரண்டு கட்டளைகளால் அவற்றை மாற்றலாம். விண்டோஸே கிளம்பாத சிஸ்டத்தில் சர்வீஸ் அமைப்பைத் திருத்த இப்படி ஒரு வழி இருப்பது நம் தொழிலில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாடத்திட்டத்தில் இது இருக்க வேண்டும் என்று இங்கிருக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபார்மட் பழக்கம் பரவியதற்குக் கடைக்காரர்கள் மட்டும் காரணமல்ல. ஃபார்மட்டுக்கு ஒரு ரேட் இருக்கிறது. கோளாறைக் கண்டுபிடித்ததற்கு ரேட் கிடையாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து லாக் படித்து, ஒரே ஒரு கட்டளை அடித்துச் சரிசெய்தால், “இதுக்கா இவ்வளவு?” என்கிறார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாள் முழுக்க ஏற்றினால் கேட்ட பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். சிஸ்டம் வைத்திருக்கும் முதலாளிகள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு தம்பி உங்கள் பழைய சிஸ்டத்தை ஃபார்மட் அடிக்காமல் சரிசெய்து கொடுத்தால், அவருக்கு ஃபார்மட்டுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள்.